பூசி மெழுகிய வண்டி

அவரை எல்லோரும் டிங்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் அப்படித்தான் கூப்பிட்டார், மளிகைக்கடைக்காரர் அப்படித்தான் கூப்பிட்டார். அவர் மனைவியே கோபம் வந்தால் "கேட்டீங்களா டிங்கர் சார்" என்று ஆரம்பிப்பாள். இடிபட்டு நசுங்கி வரும் வண்டிகளைத் தட்டி நிமிர்த்தி, பழைய முகத்தைத் திருப்பிக் கொடுப்பது அவர் தொழில். பெரிய சாலையை ஒட்டிய சந்தில் முன்பக்கம் கதவே இல்லாத தகரக் கொட்டகை ஒன்று. அதில் பாதி இவருக்கு, மறுபாதி பெயிண்டருக்கு.

"நீ தட்டுற, நான் அடிக்கிறேன். நம்ம ரெண்டு பேரும் பேசுறத எவனாவது வெளியில நின்னு கேட்டா ரவுடிப் பசங்கன்னு நினைச்சுக்குவான்" என்பார் பெயிண்டர். இதை வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார்.

டிங்கருக்குக் கண்ணைவிடக் கைதான் முக்கியம். தகட்டை நிமிர்த்தி முடித்ததும் ஒரு பழைய பருத்தித் துணியை உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகத் தடவிக்கொண்டே போவார். பார்வைக்கு அகப்படாத மேடு பள்ளம் கைக்கு அகப்படும். அகப்பட்ட இடத்தில் மறுபடி ஒரு தட்டு. அதற்கு மேல் மிச்சப் பள்ளத்தை நிரப்பும் பட்டியைப் பசைபோலக் குழைத்துப் பூசி, காயவிட்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பெயிண்டரிடம் தள்ளிவிடுவார்.

எப்படி இடித்தது என்று அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்காமலேயே சொன்னார்கள். சும்மா நின்ற வண்டியைச் சுவர் வந்து இடித்த கதைகள் நிறைய. அப்பாவுக்குத் தெரியாமல் காரை எடுத்துப் போனவன், நண்பனிடம் இரவல் வாங்கிய வண்டியை நசுக்கியவன், வீட்டம்மாவிடம் 'எங்கேயும் போகலை' என்று சொல்லிவிட்டுப் போனவர் என்று எல்லோருக்கும் ஒரே வேண்டுதல்தான். தெரியக் கூடாது. டிங்கர் தலையை ஆட்டிவிட்டுச் சுத்தியலை எடுப்பார். வண்டி திரும்பிப் போகும்போது உண்மையாகவே ஒன்றும் தெரியாது.

ஒருநாள் பெயிண்டர் தேநீர் குடித்துக்கொண்டே செய்தித்தாளைப் படித்தார். எங்கோ ஒரு பாலம் இடிந்ததைப் பற்றிய விசாரணையை அதிகாரிகள் பூசி மெழுகிவிட்டதாகப் போட்டிருந்தது.

"எவனோ பாலத்தை இடிய விட்டுட்டான். அதுக்கு எதுக்குய்யா நம்ம தொழில இழுக்கிறாங்க?" என்றார் டிங்கர்.

"நம்ம தொழில் இல்லப்பா, எங்கப்பா தொழில்" என்றார் பெயிண்டர். அவர் அப்பா மண்சுவர் பூசுகிறவர். "வீட்டை விக்கணும்னு ஒருத்தன் முடிவு பண்ணிட்டா, வாங்குறவன் வந்து பார்க்கிறதுக்கு முந்தி எங்கப்பனுக்குத்தான் ஆள் வரும். சுவர் அடியிலருந்து உச்சி வரைக்கும் பிளந்து கிடக்கும். முதல்ல களிமண்ணக் குழைச்சு வெடிப்புக்குள்ள திணிச்சுப் பூசுவாரு. அதோட விட்டா பூசின தடம் தெரியும், வாங்குறவன் உஷாராயிடுவான். அதனால கையத் தண்ணியில நனைச்சு சுவர் முழுக்க மெழுகிடுவாரு. பூசுறது ஓட்டைக்கு. மெழுகுறது கண்ணுக்கு. ரெண்டும் சேர்ந்தாத்தான் வேலை முடிஞ்சது. அங்கருந்துதான் இந்தப் பேச்சே வந்திருக்கணும்."

"வாங்கினவன் அப்புறம் என்ன ஆனான்?"

"அடுத்த மழை வரைக்கும் சந்தோஷமா இருந்தான்" என்று சொல்லிவிட்டுப் பெயிண்டர் சிரித்தார். "இப்ப நீ பட்டி பூசுற, நான் பெயிண்ட் மெழுகுறேன். மண்ணுதான் மாறியிருக்கு."

டிங்கரும் சிரித்தார். தன் தொழிலைப் பற்றி அவருக்கு மனக்குறை எதுவும் இருந்ததில்லை. கோணலாக வருவது நேராகப் போகிறது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கொட்டகையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் அவர் குடியிருந்தார். அவரும் மனைவியும் மட்டும்தான். பிள்ளை இல்லை. இல்லையே என்று மனைவி ஏங்கியதாகவும் தெரியவில்லை, ஏனென்றால் அவளுக்குத் தம்பி இருந்தான். அம்மா அப்பா போனபோது அவன் நடக்கப் பழகிக்கொண்டிருந்த குழந்தை. இடுப்பில் வைத்து வளர்த்தாள், கல்யாணம் ஆனபோது கூடவே கூட்டிக்கொண்டு வந்தாள். டிங்கரும் அவனை மைத்துனன் என்று நினைத்ததில்லை. அவனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும், பிறகு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒரு முதலாளி அவருடைய பழைய வாடிக்கையாளர். அவரிடம் சொல்லி, கடைகளுக்கு மருந்துப் பெட்டி கொண்டுபோய்ப் போடும் சின்ன வேனில் டிரைவராகச் சேர்த்துவிட்டதும் அவரே. வேலை கிடைத்ததும் அவன் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போனான். சாப்பாடு மட்டும் பாதிநாள் அக்கா வீட்டில்தான்.

அதே கட்டடத்தின் கீழ்வீட்டில் ஒரு ரொட்டிக்காரர் இருந்தார். விடியும் முன்பே பேக்கரிக்குப் போய், சூடான ரொட்டியைச் சைக்கிளின் பின்னால் இருக்கும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போடுவார். வாயாடி மனிதர். மாடியிலிருந்து டிங்கர் இறங்கினால் அவரோடு இரண்டு வார்த்தை பேசாமல் வாசலைத் தாண்ட முடியாது. அவர் மனைவி வீட்டில் துணி தைத்தாள். டிங்கரை அண்ணா என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவாள். மாடிப்படி வழியாக ஊசி நூலும் சர்க்கரையும் வம்பும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

பனி மூடிய ஒரு காலை. டிங்கர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கொட்டகைக்கு வந்திருந்தார். மருந்து வேன் சந்துக்குள் வந்து நின்றது. மைத்துனன் இறங்கினான். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, கம்பத்துல இடிச்சுட்டேன். முதலாளி பார்த்தா வேலை போயிடும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் கொடுத்துடுங்க மாமா. எஞ்சின் கோளாறுன்னு சொல்லிக்கிறேன்."

இடதுபக்க முன்தகடு உள்வாங்கியிருந்தது. ஹெட்லைட் நொறுங்கியிருந்தது. பம்பரின் இடதுமுனை உடைந்து காணாமல் போயிருந்தது.

டிங்கர் உட்கார்ந்து தகட்டில் கை வைத்தார். கம்பத்தில் இடித்தால் மேலிருந்து கீழாக ஒரு மடிப்பு விழும், கத்தியால் கீறியதுபோல. இது அப்படி இல்லை. அகலமாக, ஆழமில்லாமல், யாரோ உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன மெத்தைபோல ஒரு பள்ளம். கை அந்தப் பள்ளத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அவர் தலையைத் தூக்கி மைத்துனனைப் பார்த்தார். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் இல்லை.

"சரி, போய் முகத்தக் கழுவிட்டு ஏதாவது சாப்பிடு" என்றார்.

அன்று வேறு எந்த வண்டியையும் தொடவில்லை. பழைய பம்பரைக் கழற்றிப்போட்டு வேறொன்று தேடி வாங்கி வந்து மாட்டினார். ஹெட்லைட்டை மாற்றினார். தகட்டை உள்ளிருந்து தட்டி வெளியே கொண்டுவந்து, பட்டி பூசித் தேய்த்தார். பெயிண்டர் நிறத்தைக் கலந்து கலந்து பார்த்து, பக்கத்துக் கதவோடு ஒன்றாகும் வரை விடவில்லை. பழைய சாமான் வாங்குகிறவன் அந்தப் பக்கம் வந்தபோது கழற்றிய பம்பரும் லைட்டும் அவன் வண்டியில் ஏறிப் போயின. சாயங்காலம் வேன் புதிதாகக் கல்யாணம் ஆனதுபோல நின்றது.

வீட்டுக்கு வந்தபோது கட்டட வாசலில் கூட்டம். ரொட்டிக்காரரை ஏதோ ஒரு வண்டி இடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டதாம். பனியில் யாரும் பார்க்கவில்லையாம். ரோட்டோரப் பள்ளத்தில் வெகுநேரம் கிடந்திருக்கிறார். தலையில் அடி. சிதறிக் கிடந்த ரொட்டியை நாய்கள் இழுப்பதைப் பார்த்துத்தான் யாரோ கிட்டே போய்ப் பார்த்தார்களாம். டிங்கரின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"எந்தப் பாவியோ தெரியலீங்க. மனுசனா அவன்?" என்றாள்.

டிங்கர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் உள்ளங்கை இன்னும் அந்தப் பள்ளத்தில் இருந்தது. ஆனால் ஊரில் எத்தனை வண்டி, எத்தனை கம்பம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நடந்தது அந்த ரோடா, நேரம் அந்த நேரமா, ஒன்றும் தெரியாமல் நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிக்கொண்டார். பல நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு மத்தியானம் கீழ்வீட்டுப் பெண் கொட்டகைக்கே வந்தாள். அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. கைக்குட்டையில் சுற்றி எதையோ கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணா, அவர் விழுந்து கிடந்த இடத்துக்கு நானே போய்ப் பார்த்தேன். புல்லுக்குள்ள இது கிடந்தது. போலீஸ்ல காட்டினேன், இந்த மாதிரி ஆயிரம் கிடக்கும்னுட்டாங்க. உங்களுக்குத் தெரியாத வண்டியா? இது எந்த வண்டியோடதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

கைக்குட்டையைப் பிரித்தாள். கையளவு பம்பர் துண்டு. டிங்கர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் ஒரு பழைய விரிசலைச் சூடுவைத்து ஒட்டி, மேலே பட்டி இழுத்திருந்தது. ஒட்டியது அவர்தான். போன வருஷம், அதே வேன், அதே முனை. தன் கையெழுத்தைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்த்தார்.

"இது..." என்று ஆரம்பித்தார். "இது நிறைய வண்டிக்கு வரும்மா. ஒரே மாதிரிதான் இருக்கும். வச்சுட்டுப் போ, விசாரிச்சுப் பார்க்கிறேன்."

"இல்லண்ணா, என்கிட்டயே இருக்கட்டும். இதைத் தவிர வேற ஒண்ணும் என்கிட்ட இல்ல." அவள் அதை மறுபடி சுற்றிக்கொண்டாள். "நீங்க பார்த்ததே பெரிய தெம்பு. உங்க கண்ணுல பட்டா விடமாட்டீங்க, எனக்குத் தெரியும்."

அவள் போனதும் டிங்கர் திரும்பினார். பெயிண்டர் ஸ்பிரே துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவரும் பார்த்துவிட்டார். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் மனிதர் நேராக உள்ளே போய், காலி டப்பாக்களை இடம் மாற்றி அடுக்கத் தொடங்கினார்.

அன்று மைத்துனன் சாப்பிட வந்தபோது டிங்கர் கதவைச் சாத்தினார்.

"கம்பம் எந்த ரோட்டுலடா இருந்தது?"

அவன் சோற்றில் கை வைத்தபடியே இருந்தான். பிறகு கையை எடுத்தான். கேள்விக்காகவே அத்தனை நாள் காத்திருந்ததுபோல எல்லாமே கொட்டியது. பனி. முன்னால் போன சைக்கிள் தெரியவில்லை. சத்தம் கேட்டதும் பிரேக் அடித்தான்.

"நிறுத்தினியா?"

"நிறுத்துனேன் மாமா."

"இறங்கினியா?"

"இறங்கிப் பார்த்தேன். பள்ளத்துல கிடந்தாரு. யாருன்னு தெரியல, முகம் அந்தப் பக்கம் இருந்தது. சத்தியமா நம்ம கீழ்வீட்டு அண்ணன்னு தெரியாது." அவன் குரல் உடைந்தது. "கை மட்டும் அசைஞ்சது. என்னைக் கூப்பிடுற மாதிரி இருந்தது. எனக்குப் பயமாயிடுச்சு. வண்டியில ஏறிட்டேன்."

டிங்கரின் மனைவி சுவரோடு சாய்ந்து நின்றாள். ரொட்டிக்காரருக்காக ஆஸ்பத்திரிக்கு நாள் தவறாமல் சாப்பாடு சுமந்துகொண்டிருந்தவள் அவள். சாத்தியிருந்த கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"இது இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும்."

"என்ன சொல்ற நீ? அந்தப் பொண்ணு என்னைத்தான் நம்பிக் கேட்டிருக்கா."

"நான் என்ன சொல்லட்டும்? இவனைக் கொண்டுபோய் உள்ள தள்ளிட்டு அவங்களுக்கு என்ன கிடைக்கும்? அவரு எழுந்து சைக்கிள் ஓட்டுவாரா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, சொல்லுங்க. போய்ச் சொல்லுங்க. வண்டியச் சரி பண்ணிக் கொடுத்தது யாருன்னு கேப்பாங்க, அதையும் சேர்த்துச் சொல்லுங்க. ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடுவாங்க. நான் இங்க உக்காந்து கதவைப் பார்த்துட்டு இருக்கேன்."

அவர் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் டிங்கர் ரொம்ப இளைத்துவிட்டார், நல்ல மனுஷன், பக்கத்து வீட்டுத் துக்கத்தைக்கூடத் தாங்கமாட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

ரொட்டிக்காரர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். வந்தது பாதி ஆள்தான். வலது கால் இழுத்தது. நடந்தது எதுவும் நினைவில்லை. அதைவிட, வார்த்தைகள் கலைந்துபோயிருந்தன. சாவியைக் காட்டிக் குடை என்றார். மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தால் தண்ணீர் என்று வந்தது. தப்பாகச் சொல்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டு, தலையை இடமும் வலமும் ஆட்டி, இன்னொரு தடவை தேடுவார். நாள் முழுக்க மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். டிங்கர் இறங்கி வந்தால் முகம் மலரும். கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயல்வார். அவரைத் தாண்டாமல் வேலைக்குப் போக வேறு வழி கிடையாது.

ஒருநாள் மைத்துனன் அக்காவைப் பார்க்க வந்தான். ரொட்டிக்காரர் அவனைப் பார்த்ததும் ஒதுங்கி, படியில் இடம் விட்டு, பக்கத்தில் உட்காரச் சொல்லித் தட்டிக் காட்டினார். அவன் உட்கார்ந்தான். அவர் அவன் தோளில் கை போட்டுக்கொண்டார். மேலே நின்று அதைப் பார்த்த டிங்கர், உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் நடத்தினார். நாற்காலி போடச் சொன்னார். முழுக்கக் கேட்டார்.

"கழட்டின பம்பர் எங்க இருக்கு?"

"பழைய சாமான்காரன்கிட்டப் போட்டுட்டேன் சார்."

"ஹெட்லைட்?"

"அதுவும் போயிடுச்சு."

"நசுங்கின தகடு?"

"நிமிர்த்திட்டேன்."

"அப்ப என்கிட்ட எதைக் காட்டப் போறீங்க?"

"நான் சொல்றேனே சார். நான்தான் செஞ்சேன். என்னையும் உள்ள வைங்க. அந்தம்மாகிட்ட இருக்கிற துண்டுல என் வேலை இருக்கு."

"அது உங்க வேலைன்னு நீங்க சொல்றீங்க. எந்த வண்டியில இருந்து விழுந்ததுன்னு யாரு சொல்றது?" இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "சரி, விசாரிக்கிறேன்."

விசாரிக்கத்தான் செய்தார். மருந்து முதலாளி, அன்றைக்கு வேன் ஷெட்டை விட்டு வெளியே வரவே இல்லை என்றார். தன் கம்பெனி பெயர் இதில் அடிபடுவதை அவர் விரும்பவில்லை. பெயிண்டர், "எவ்வளவோ வண்டி வருது சார், எதைன்னு ஞாபகம் வச்சுக்கிறது" என்றார், அதைச் சொல்லும்போது டிங்கர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. மைத்துனன் இல்லவே இல்லை என்று சாதித்தான். அக்காவைக் கேட்டார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, தம்பி வேலையை விட்டு வேறு வேலைக்குப் போக நினைத்ததில் மாமனுக்கும் மச்சானுக்கும் மனஸ்தாபம் என்று சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் மறுபடி டிங்கரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நானே போய் வண்டியைத் தொட்டுப் பார்த்தேங்க. கை எங்கயும் நிக்கல. பக்கத்துக் கதவுக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசம் இல்ல." அவர் குரலில் கிண்டல் இல்லை, கொஞ்சம் வியப்புகூட இருந்தது. "நாங்க கேஸைப் பூசி மெழுகிட்டோம்னு வெளியில பேசுவாங்க. நீங்களே சொல்லுங்க, எங்களுக்கு என்னத்த மிச்சம் வச்சீங்க? வீட்டுத் தகராறை வீட்டுலயே பேசித் தீர்த்துக்கங்க."

டிங்கர் கும்பிடுபோட்டுவிட்டு எழுந்தார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். வீட்டுக்குப் போனால் மனைவி பேசமாட்டாள். கொட்டகைக்குப் போனால் பெயிண்டர் பேசிக்கொண்டே இருப்பார், அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும்.

போலீஸ் வந்து போனதால் விஷயம் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கீழ்வீட்டுப் பெண் சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. தையல் மெஷின் மட்டும் நின்றுபோயிருந்தது. டிங்கர் தானாகவே அவள் வீட்டுக் கதவண்டை போய் நின்றார். அவள் வந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும். தெரிஞ்சும் சொல்லல" என்றார். "அவன் என் மைத்துனன்னு..."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவன் வண்டிய விட்டு இறங்கினானா?"

டிங்கருக்கு எல்லாம் தெரியும். பள்ளம், சிதறின ரொட்டி, கூப்பிடுவதுபோல அசைந்த கை. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் படி இறங்கி வந்திருந்தார். ஆனால் அவளுக்குப் பின்னால், அறையின் மூலையில், ரொட்டிக்காரர் பாயில் சாய்ந்து இவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. பனியில ஒண்ணும் தெரியலயாம். நாய் எதுவோ அடிபட்டுடுச்சுன்னு நினைச்சுப் போயிட்டானாம்."

"நாயா இருந்தாலும் இறங்கிப் பார்ப்பாங்களே அண்ணா" என்றாள்.

கதவை அறையவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

மைத்துனன் வேறு ஊருக்குப் போய்விட்டான். எங்கே என்று அக்காவுக்குத் தெரியும், அவள் டிங்கரிடம் சொல்லவில்லை. அவள் சமைத்தாள், துவைத்தாள், தட்டை அவர் முன்னால் வைத்தாள். பேச்சு மட்டும் குறைந்துகொண்டே வந்து கடைசியில் 'ம்' என்பதில் நின்றது. கொட்டகையில் டிங்கர் வருகிறவர்களிடமெல்லாம் எங்கே இடித்தது, எப்படி இடித்தது என்று கேட்கத் தொடங்கினார். சிலர் சிரித்தார்கள். சிலர் வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த கொட்டகைக்குப் போனார்கள்.

"நீ என்ன கோர்ட்டா நடத்துற?" என்று ஒருநாள் பெயிண்டர் கத்தினார். "உன்னால எனக்கும் பொழப்புப் போகுது. கேட்டு என்னய்யா பண்ணப் போற? சொன்னா எழுதி வச்சுக்குவியா?"

கேட்டவுடன் எதிரில் இருப்பவர் ஏதோ ஒரு பொய்யைச் சொல்வார். இவர் தலையை ஆட்டிவிட்டுச் சுத்தியலை எடுப்பார். முன்பு நடந்ததுதான் இப்போதும் நடந்தது, நடுவில் ஒரு பொய் கூடுதலாக வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

மழைக்காலம் தொடங்கும் முன் கீழ்வீட்டுக்காரர்கள் காலிசெய்தார்கள். ரொட்டிக்காரர் மனைவியுடைய அக்கா இருக்கும் ஊருக்குப் போகிறார்களாம். வாசலில் ஒரு சின்ன லாரி நின்றது. கட்டில், தையல் மெஷின், பாத்திர மூட்டை எல்லாம் ஏறின. மெஷினைத் தூக்க ஆள் போதாமல் இருந்ததைப் பார்த்து டிங்கர் ஒருபக்கம் கை கொடுத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர் பக்கம் பார்க்கவும் இல்லை. மாடி ஜன்னலில் அவர் மனைவி நின்றிருந்தாள். கீழே இறங்கி வரவில்லை.

ரொட்டிக்காரரை டிரைவர் பக்கத்து இருக்கையில் ஏற்றினார்கள். அவர் மறுபடி இறங்கினார். காலை இழுத்துக்கொண்டு வந்து டிங்கரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். "கதவு" என்றார். தலையை ஆட்டினார். "மெழுகுவத்தி" என்றார். அதுவும் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு தேடினார்.

"பரவால்லங்க, போயிட்டு வாங்க" என்றார் டிங்கர்.

அவர் கையை விடவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமல் போகக் கூடாது என்பதுபோல இன்னும் இறுக்கிப் பிடித்தார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அந்தப் பெண் இறங்கி வந்து, கணவரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.